வேடம் கிடைக்காத நடிகை எழுதத் தொடங்கினால்: பட்டர்வொர்த்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டிருப்பது அமெரிக்க நடிகை பிரிட் மார்லிங்கைப் பற்றி. தனக்கு நல்ல வேடம் வராததால் அவர் தானே திரைக்கதை எழுதி, அதில் தானே நடித்துப் பெயர் வாங்கினார். பட்டர்வொர்த்தில் குடியிருந்து, பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, வார இறுதியில் ரயிலேறிக் கோலாலம்பூருக்கு வந்து, தொலைக்காட்சி நாடகங்களில் தோழியாகவும் தங்கையாகவும் இரண்டு காட்சிகளில் தலைகாட்டிவிட்டுத் திரும்பும் 28 வயதுப் பெண்ணான உங்களுக்கும் அது நடக்குமா என்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு, இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. எழுதினால் வேடம் கிடைக்குமா என்பது ஒன்று. எழுத்தும் நடிப்பும் சேர்ந்து சோறு போடுமா என்பது இன்னொன்று. கடைசி வரியில் தயங்கித் தயங்கி, இந்த ஆண்டே வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

பதிலுக்கு முன் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நானும் நடிப்பிலிருந்து எழுத்துக்கு வந்தவள்தான். மேடையிலும் சின்னத்திரையிலும் ஆறு ஆண்டுகள் நடித்தேன். அதன் பிறகு 22 ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் தமிழ் நாடகங்களுக்கும் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கும் டெலிமூவிகளுக்கும் கதை வசனம் எழுதுகிறேன், பிறர் எழுதியதைச் செப்பனிட்டும் கொடுக்கிறேன். வெளிநாட்டுத் திரைப்பட விழாவில் என் பெயரில் ஒரு படமும் ஓடியதில்லை. ஆகவே வசனம், ஒப்பந்தம், இங்குள்ள வேலை முறை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். விழாக்களையும் சந்தையையும் பற்றி நான் சொல்வதை வெளியில் நின்று பார்ப்பவளின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்லிங்கின் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர் பொருளாதாரம் படித்தவர், கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் பயிற்சி வேலை பார்த்து, அங்கே கிடைத்த நிரந்தர வேலையை மறுத்தவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் (பினாங்குக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, இது உங்கள் பினாங்குத் தலைநகரம் இல்லை, வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன்) கூடப் பழகிய மைக் கேஹில், ஸால் பட்மாங்லிஜ் என்ற இரண்டு நண்பர்களும் இயக்குநராக வேண்டும் என்ற ஆசையோடு இருந்தவர்கள். ஒருவருடன் சேர்ந்து 'அனதர் எர்த்' எழுதினார், மற்றவருடன் சேர்ந்து 'சவுண்ட் ஆஃப் மை வாய்ஸ்' எழுதினார். அமெரிக்காவில் நடக்கும் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் 2011இல் இரண்டும் ஒரே ஆண்டில் திரையிடப்பட்டன; முதல் படம் அறிவியல் சார்ந்த படங்களுக்கான ஸ்லோன் பரிசையும் பெற்றது. எனவே அவருடைய பாதையில் நீங்கள் பார்க்க வேண்டியது வேலையைத் துறந்த துணிச்சலை மட்டுமன்று, கூடவே வளர்ந்த இரண்டு இயக்குநர்களையும்தான். உங்களுக்கு அப்படி ஒருவராவது இருக்கிறாரா என்பதை உங்கள் கேள்வியிலிருந்து என்னால் அறிய முடியவில்லை.

அந்த முதல் படம் எழுதப்பட்ட விதமும் கவனிக்கத் தக்கது. வானத்தில் இன்னொரு பூமி தெரிகிறது என்பது கதை. கேட்டால் கோடிக்கணக்கில் செலவாகும் என்று தோன்றும். திரையில் பெரும்பகுதி நேரம் நடப்பது என்னவென்றால், ஓர் இளம்பெண், தான் ஏற்படுத்திய விபத்தில் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஒருவரின் வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறாள், தான் யாரென்று அவரிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். ஒரு வீடு, ஒரு தெரு, இரண்டு பேர். இயக்குநரின் சொந்த ஊரான நியூஹேவன் பக்கமே படப்பிடிப்பு நடந்தது. நடிகைக்கு வேண்டிய அத்தனை கனமும் அந்தச் சொல்ல முடியாமையில் இருக்கிறது, அதற்குப் பணமே தேவையில்லை. சுயாதீனப் படத்துக்கு எழுதுவது என்றால் பெரிய கதையைச் சின்னதாக வெட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள்; ஒரு வீட்டுக்குள் அடங்கக்கூடிய பெரிய சங்கடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வேலை.

நடிகை எழுதுவது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கமும் இல்லை. தமிழின் முதல் பேசும்பட நாயகியான டி.பி. ராஜலட்சுமி நாவல் எழுதினார். 1936இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். நம் மலேசியாவில் ஷாலினி பாலசுந்தரம் 2016இல் 'கீதையின் ராதை'யை எழுதி இயக்கி நாயகியாகவும் நடித்தார், 2018இல் 'திருடாதே பாப்பா திருடாதே' வந்தது. சீன மொழியில் படம் எடுக்கும் நம் நாட்டு இயக்குநர் டான் சுய் முய், முதல் படத்துக்கே பூசான், ரோட்டர்டாம் விழாக்களில் பரிசு வாங்கியவர், 2021இல் 'பார்பேரியன் இன்வேஷன்' படத்தில் எழுத்தாளர், இயக்குநர், கதாநாயகி மூன்றுமாக இருந்து ஷாங்ஹாய் விழாவில் நடுவர் குழுவின் உயரிய பரிசைப் பெற்றார். இவர்கள் மூவரும் வேறு வேறு சந்தைகளைச் சேர்ந்தவர்கள்; ஆனால் மூவருமே எழுத்தோடு நிற்காமல் இயக்கத்தையும் கையில் எடுத்தவர்கள். எழுதினால் மட்டும் வேடம் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்லாததற்கு அதுவே காரணம். நல்ல திரைக்கதையைத் தயாரிப்பாளரிடம் கொடுத்தால், அவர் கதையை வாங்கிக்கொண்டு வேறு நடிகையை அழைப்பதற்கே வாய்ப்பு அதிகம். இயக்குநர் உங்கள் பக்கம் நிற்பவராக இருக்க வேண்டும், அல்லது நீங்களே இயக்குநராக வேண்டும்.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். நடிகை எழுத வரும்போது மற்ற எழுத்தாளருக்கு இல்லாத ஒன்றைக் கொண்டு வருகிறார்: எந்த வசனம் வாயில் நிற்கும், எது நிற்காது என்று அவர் நாக்குக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்திய பயிலரங்கு ஒன்றுக்கு உங்கள் வயதுப் பெண் ஒருவர் ஒரு காட்சியோடு வந்தார். செந்தூல் அடுக்குமாடி வீடு, விடியற்காலை. அம்மா விற்பனைக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதை மகள் சொல்ல வேண்டும். எழுதி வந்ததில் மகளுக்கு 14 வரி வசனம். 'நீங்கள் என்னை ஒருநாளும் புரிந்துகொண்டதில்லை, எனக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது' என்ற தோரணையில் போனது. வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் அவருக்கே நாக்கு இடறியது. எழுந்து நின்று, கையில் ஒரு தாளை அம்மா மடிப்பதுபோல் மடித்துக்கொண்டே அம்மாவாகப் பேசிப் பாருங்கள் என்றேன். இரண்டு பொட்டலம் மடித்த பிறகு, தலை நிமிராமல், 'சிங்கப்பூர்ல நாசி லெமாக் என்ன வெலயாம்?' என்றார். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மகளாக வாசித்த இன்னொரு பெண்ணுக்குக் கையிலிருந்த தாள் அப்படியே நின்றுவிட்டது. 14 வரியும் போய்விட்டன; காட்சி வந்துவிட்டது. மேசையில் உட்கார்ந்திருந்தால் நானும் அந்த வரியைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அந்த வரியில் இன்னொன்றையும் பாருங்கள், அது நம் ஊர்ப் பேச்சு. இங்குள்ள நாடகங்களில் நடிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டில் 'பசியாறியாச்சா' என்று கேட்டுவிட்டு, கேமரா முன்னால் நின்றவுடன் சென்னைத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். 2015 கடைசியில் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தைப் பார்த்த பலருக்கு முதலில் தைத்தது, அதில் மனிதர்கள் இங்கே பேசுகிறபடியே பேசினார்கள் என்பதுதான். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழிப் படங்களையும் பிற மொழிப் படங்களையும் தனித்தனிப் பிரிவாக வைத்ததற்கு எழுந்த எதிர்ப்பால் விதிகள் மாற்றப்பட்டு, அந்தப் படமே சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தமிழில் எடுத்தால் இங்கே மதிப்பு கிடைக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த ஆண்டை நினைவுபடுத்துங்கள். ஒரு படம் பரிசு வாங்கியதால் அடுத்த படத்துக்கு வழி பிறந்துவிட்டது என்று சொல்வதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

நடிகை எழுத்தாளரின் பெருங்குறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எனக்கும் இருந்தது. தான் நடிக்கப் போகும் பாத்திரத்தின் மேல் அளவுகடந்த இரக்கம் வந்துவிடும். அவள் தவறே செய்ய மாட்டாள். செய்தாலும் அதற்கு ஒரு சோகமான காரணம் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் அவளைத் துன்புறுத்துவதற்காகவே காட்சிக்குள் வந்து போவார்கள். வேடம் கிடைக்காத ஆதங்கத்தில் எழுத உட்காருவதால் வரும் வினை இது. நான் கையாளும் சோதனை எளிது. திரைக்கதையிலிருந்து உங்கள் வசனங்களை எல்லாம் அடித்துவிட்டு, எதிரில் நிற்பவரின் வசனங்களை மட்டும் தொடர்ந்து படியுங்கள். அதிலும் ஒரு மனிதரின் ஆசையும் கோபமும் தெரிந்தால் எழுத்து நிற்கும். வெறும் கேள்விகளும் அதட்டல்களுமாக இருந்தால் நீங்கள் இன்னும் உங்களுக்கு ஒரு வேடத்தைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இயல்பாக நடித்தால் வசனம் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அமெரிக்க நடிகை கிரெட்டா கெர்விக் 2007 வாக்கில், நடிகர்களே பேசிப் பேசி உருவாக்கும் சின்னஞ்சிறு செலவுப் படங்களில் தொடங்கியவர். ஆனால் இயக்குநர் நோவா பாம்பாக்குடன் சேர்ந்து அவர் எழுதி நடித்து 2012இல் வந்த 'ஃபிரான்சஸ் ஹா', பார்க்க அந்தந்த நேரத்தில் தோன்றியதைப் பேசியதுபோல் இருந்தாலும், முழுக்க எழுதப்பட்ட படம். எழுதியதை எழுதியபடியே பேசிப் பல டேக்குகள் எடுத்தார்கள்.

அடுத்தது ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து. இதில் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1995இல் வந்த 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தின் வசனங்களில் தாமும் உடன் நடித்த ஈதன் ஹாக்கும் நிறைய எழுதியதாகவும், திரைக்கதையில் தங்கள் பெயர் வரவில்லை என்றும் நடிகை ஜூலி டெல்பி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2004, 2013 ஆண்டுகளில் வந்த அடுத்த இரண்டு பாகங்களில் அவர் பெயர் எழுத்தாளர் வரிசையில் இடம்பெற்றது, இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அவருக்கே அப்படியென்றால் நம் கதி என்ன? ஒரு தயாரிப்பாளருக்கு நான் 13 பாகம் எழுதிக் கொடுத்தேன். ஒளிபரப்பானபோது 'கதை வசனம்' என்ற இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. வாட்சாப்பில் பேசிக்கொண்டதைத் தவிர என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பேசிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, அவருக்காக நீங்கள் எழுதிக் கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை அந்த எழுத்தின் உரிமை கேட்டவருக்குப் போய்விட்டதாகவே கொள்ளப்படும். மாறாக, யாரும் கேட்காமல் நீங்களாக எழுதியது உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அதன் உரிமை நிற்கும். ஆகவே முதல் வரைவை யாரிடமும் ஒப்பந்தம் பேசுவதற்கு முன் முடித்துவிடுங்கள், தேதியிட்டு வையுங்கள், மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் விரும்பியவர்கள் தங்கள் படைப்பைப் பதிவு செய்துகொள்ளும் முறை 2012இலிருந்து இருக்கிறது, அதையும் செய்யுங்கள். நண்பரோடு சேர்ந்து எழுதினால், யார் பெயர் எந்த வரிசையில், எந்தச் சொல்லோடு திரையில் வரும் என்பதை முதல் காட்சி எழுதும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். நீங்கள் நடிக்கும் நிபந்தனையில்தான் கதையைத் தருகிறீர்கள் என்றால் அதுவும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் வழக்கறிஞர் இல்லை. பணம் கைமாறும் ஒப்பந்தம் எதுவானாலும் ஒருவரிடம் காட்டிவிட்டே ஒப்பமிடுங்கள். அந்தச் செலவு வீண்செலவு ஆகாது.

படம் எடுக்கும் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. 90 பக்கத்தை நாளுக்கு ஆறு பக்கமாக எடுத்தால் 15 நாள் படப்பிடிப்பு. சிறு குழுவுக்கு அது மூச்சு முட்டும் வேகம். வணிக முறையில் எடுக்கும் தயாரிப்பு நிறுவனம், தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் உரிமம் வைத்திருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்தக் கழகம் உலு கிளாங்கில், ஒரு காலத்தில் மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லீ படம் எடுத்த மெர்டேக்கா ஸ்டூடியோ வளாகத்தில் இருக்கிறது. திரையரங்குக்கு வருவதற்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தெருவில் எடுப்பதென்றால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி தனி. இவையெல்லாம் தயாரிப்பாளரின் வேலை என்றாலும், எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் நான்கு வெளிப்புற இரவுக் காட்சிகளை ஒன்றாகச் சுருக்கி எழுதுவார். நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டி வரும் என்பதால், கதைச் சுருக்கத்தை மலாயில் ஒரு பக்கத்துக்கு எழுதும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்புத் தளத்துக்கு வரும்போது உங்களுக்குள் இருக்கும் எழுத்தாளரை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பே திரைக்கதையைப் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு யாரோ எழுதியதுபோல் மனப்பாடம் செய்யுங்கள். இல்லாவிட்டால் நடிக்கக் கடினமான வரி வரும்போதெல்லாம், அதை எழுதிய உரிமையில் நீங்களே வெட்டிவிடுவீர்கள். பெரும்பாலும் அந்த வரிதான் காட்சியின் உயிராக இருக்கும்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு என் பதில், நடிப்பும் சுயாதீனப் படமும் மட்டும் என்றால் போடாது என்பதே. எழுத்து போடும், ஆனால் அது உங்கள் கனவில் இருக்கும் எழுத்தாக இருக்காது. வானவில், விண்மீன், ஆர்டிஎம் என்ற தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஒளிபரப்பாகும் நாடகங்களுக்குப் பாகம் பாகமாக எழுதுவது, மலாய்ப் படத்துக்குத் தமிழில் வசன வரி போடுவது, வானொலி விளம்பரம், குரல் பதிவு, பள்ளி விடுமுறையில் பயிலரங்கு என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நான் வீட்டுக் கடன் கட்டினேன். காசு வரும், சொன்ன தேதியில் வராது. முதலாளி செலுத்தும் சேமநிதியும் இல்லை. நீங்களாகப் போட்டால்தான் உண்டு. மேலே இருப்பவர்களுக்கும் நிலை இப்படித்தான் ஆடுகிறது: மார்லிங் உருவாக்கிய 'தி ஓஏ' தொலைக்காட்சித் தொடர் ஐந்து பருவங்களாகத் (சீசன்) திட்டமிடப்பட்டது, 2019இல் இரண்டாவதோடு நிறுத்தப்பட்டது. ஆனால் வயது கூடக் கூட நடிகைக்கு இங்கே வேடம் சுருங்குகிறது, முப்பத்தைந்தில் நாயகனுக்கு அக்கா, நாற்பதில் அம்மா என்று. எழுத்துக்கு அந்தக் கணக்கு இல்லை என்பதை என் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டேன்.

ஆகவே இந்த ஆண்டு வேலையை விடாதீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, போய்வர எட்டு மணி நேரம். அதில் நீங்கள் எழுதுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. 90 பக்கம் வேண்டாம், 15 பக்கம் எழுதுங்கள். பினாங்கிலேயே நடக்கும் கதையாக, உங்களுக்குத் திறந்துவிடும் ஒரு வீட்டில், மூன்று பேருக்கு மேல் இல்லாமல் எழுதுங்கள். நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் மூன்று நாள். ஒரு வார இறுதியும் ஒரு நாள் விடுப்பும் போதும். தைப்பூசத்தை ஒட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள், குழுவில் பாதிப் பேர் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ இருப்பார்கள். அதற்கு முன், நடிக்கத் தெரிந்த தோழி ஒருவரை அழைத்து உங்கள் வேடத்தை அவரிடம் கொடுங்கள். எதிரில் உட்கார்ந்து மற்ற பாத்திரங்களின் வசனத்தை நீங்கள் வாசியுங்கள். அவர் வாசிப்பதைக் கேட்டு எந்த வரியில் உங்களுக்குப் பொறாமை வருகிறதோ, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு கோடும் விழாத பக்கங்களைத்தான் அடுத்த ரயில் பயணத்தில் திருப்பி எழுத வேண்டும்.